வண்டியை மாற்றியமைப்பதிலேயே காலம் போகிறது, ஓட்டுவது எப்போது?

செம்மண்தடம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் மூன்று கதவுகள் கொண்ட சுசுகி ஜிம்னி ஒன்று இருக்கிறது. 2018-இல் வெளிவந்த தலைமுறையைச் சேர்ந்தது. வாங்கிய முதல் ஆண்டில் எந்த மாற்றமும் செய்யாமல், கிடைத்த விடுமுறைகளில் எல்லாம் மண்பாதைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மேட்டின் உச்சியில் வண்டியின் அடிவயிறு தட்டி, நான்கு சக்கரங்களும் பிடிமானம் இழந்து நின்றுவிட்டது. உடன் வந்த நண்பர் கயிறு கட்டி இழுத்துவிட்டார்; ஐந்து நிமிட வேலைதான். அன்றிரவு வீட்டுக்கு வந்து, வண்டியின் உடலை உயர்த்தும் லிஃப்ட் கிட்டுகளைப் பற்றித் தேடத் தொடங்கியவன், இன்னும் அந்தத் தேடலிலிருந்து வெளியே வரவில்லை.

முதலில் 50 மில்லிமீட்டர் உயர்த்தும் ஸ்பிரிங்குகளும் அவற்றுக்கேற்ற ஷாக் அப்சார்பர்களும் வந்தன. உயர்ந்த வண்டிக்குக் கீழே பழைய டயர்கள் குச்சிக்கால்களைப் போலத் தெரிந்ததால், 195/80 ஆர்15 அளவைக் கழற்றிவிட்டு 235/75 ஆர்15 அளவில் சேற்று டயர்கள் போட்டேன். பிறகு இரும்பாலான முன் பம்பர். பம்பரில் இடம் இருக்கிறதே என்று, சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மின்னுருளையான வின்ச், 4,300 கிலோ இழுப்பது. வின்ச்சுக்கு மின்சாரம் போதாது என்று இரண்டாவது பேட்டரி. பிறகு கூரைக் கேரியர், அதன் முன்விளிம்பில் ஒரு எல்இடி விளக்குப் பட்டை. நான் திட்டமிட்டு எதையும் செய்ததாக நினைவில்லை. ஒன்று வந்து அடுத்ததைக் கூட்டி வந்தது.

கடந்த பதினான்கு மாதங்களில் இந்த வண்டி கரடுமுரடான பாதையில் ஓடிய நாள்கள் நான்கே நான்கு. அவற்றுள் ஒருநாள், போகும் வழியில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் வெடவெடவென்று ஆடத் தொடங்கியதால் பாதியிலேயே திரும்பிவிட்டேன். இன்னொரு நாள், நானே இழுத்த வயரிங்கில் இருந்த குறையால் ஃபியூஸ் போய், மற்றவர்கள் எல்லாரும் ஓடையைக் கடந்து விளையாடிக்கொண்டிருக்க நான் பானெட்டுக்குள் தலையைவிட்டபடி நின்றிருந்தேன். போன வாரம் வண்டியைக் கழுவும்போது, புது டயரில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே, அந்த ரப்பர் இழைகள் ஓரங்களில் இன்னும் உதிராமல் இருப்பதைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

பட்டியலில் இன்னும், ஓர் ஆக்சிலின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கர்கள் முன்னும் பின்னும், எஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் குழாயான ஸ்நார்கல் ஆகியவை மிச்சமிருக்கின்றன. கூரைக் கூடாரம் ஒன்றும், காஸ்டர் கோணத்தை, அதாவது முன் சக்கரங்கள் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வைத் திருத்தும் புஷ்களும் வாங்கிப் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. உங்களில் பலர் என்னைவிடப் பல ஆண்டுகள் மூத்தவர்கள். எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள்? மாற்றியமைக்கும் ஆசையையும் ஓட்டும் ஆசையையும் ஒரே வண்டியில் எப்படிக் கட்டிக் காக்கிறீர்கள்? ‘விற்றுவிட்டு வேறு வாங்கு’ என்பதைத் தவிர வேறு எந்தப் பதிலையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வேன்.


பல்சக்கரம் எழுதுகிறார்:

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. மேட்டில் அடிவயிறு தட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு நிகழ்ச்சிதான் இத்தனை பொருள்களுள் பாதை உங்களிடம் கேட்டு வாங்கிய ஒரே பொருளுக்குக் காரணம். மற்றவை அனைத்தும் ஏற்கெனவே வாங்கிய பொருள்கள் கேட்டு வாங்கியவை. இந்த வேறுபாட்டை நான் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வண்டிகள் தேவைப்பட்டன என்பதால் இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 195/80 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 693 மி.மீ.; 235/75 ஆர்15-இன் விட்டம் ஏறத்தாழ 733 மி.மீ. நாற்பது மில்லிமீட்டர் கூடியிருக்கிறது. ஆக்சில் தரையிலிருந்து உயர்வது அதில் பாதி, அதாவது 20 மி.மீ. மட்டுமே. ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சில்கள் என்பதால், 50 மி.மீ. ஸ்பிரிங் உடலைத்தான் தூக்குமே தவிர, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக்கொடுக்கும், ஆக்சிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டையை ஒரு மயிரிழைகூடத் தூக்காது. ஆகவே, மேட்டைத் தாண்டும்போது அடிவயிறு தட்டுவது குறைந்திருக்கும். அடிவயிறு தட்டாமல் மேட்டின் உச்சியைத் தாண்டக்கூடிய நடுக்கோணம், தொழிற்சாலையிலிருந்து வரும் 28 பாகையைவிட நிச்சயம் கூடியிருக்கும். ஆனால் இரண்டு தடங்களுக்கு நடுவே துருத்திக்கொண்டிருக்கும் கல்லின் மேல் போனால், 210 மி.மீ. இடைவெளி 230 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். விரற்கடை அகலம்.

இதற்கு நீங்கள் கொடுத்த விலை என்னவென்று பாருங்கள். ஒரே தண்டாக உள்ள முன் ஆக்சிலை நீண்ட கைகள் பிடித்துக்கொண்டிருக்கும் அமைப்பில், உடலை உயர்த்தினால் அந்தக் கைகளின் சாய்வு மாறி, ஆக்சில் தன் அச்சிலேயே சற்றுச் சுழன்றுவிடும். அதனால் காஸ்டர் கோணம் குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும் தன்மை மங்கிப்போகும். நேர்ச்சாலையில் வண்டி நாடோடிபோல இடமும் வலமும் அலையும். பக்கவாட்டில் ஆக்சிலைப் பிடித்திருக்கும் பனார்ட் தண்டும், உயரம் கூடியதும் ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்து வைத்துவிடும். இந்த நிலையில், சமன்படுத்துவதற்குக் கடினமான கனத்த சேற்று டயர்களையும் மாட்டினால், 70 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் ஆடாமல் இருந்தால்தான் வியப்பு. சக்கரங்களைச் சமன்படுத்திப் பாருங்கள்; பனார்ட் தண்டின் புஷ்களையும், முன் சக்கரம் திரும்பும் முளைகளின் பேரிங்குகளையும் சோதியுங்கள். பெட்டிக்குள் கிடக்கும் காஸ்டர் புஷ்களை ஏன் இன்னும் போடவில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. பட்டியலிலேயே உண்மையில் தேவையான பொருள் அது. பளபளப்பு இல்லாததால் பின்வரிசைக்குப் போய்விட்டது போலும்.

இன்னொரு கணக்கு வேகமானி. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 6 விழுக்காடு கூடியிருப்பதால், முள் 80 காட்டிய இடத்தில் வண்டி முன்னைவிட அதே அளவு விரைவாகப் போகிறது. வேகமானிகள் பொதுவாகச் சற்றுக் கூட்டிக் காட்டுபவை என்பதால் இது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் கியர் விகிதமும் அதே 6 விழுக்காடு நீண்டுவிட்டது என்பது ஏற்றத்தில் தெரியும். 1.5 லிட்டர் எஞ்சின். 130 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதன்மேல் எடையையும் ஏற்றியிருக்கிறீர்கள்.

எடையைத்தான் நான் முதன்மையாகச் சொல்ல வந்தேன். இந்த வண்டியின் வெற்று எடை ஏறத்தாழ 1,100 கிலோ. ஆள்கள், சுமை எல்லாம் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,435 கிலோ. கையில் இருப்பது முந்நூற்றுச் சொச்சம் கிலோதான். இரும்புப் பம்பர், வின்ச், இரண்டாவது பேட்டரி, கூரைக் கேரியர், டயர்களின் கூடுதல் கனம் ஆகியவற்றைக் கூட்டினால் 140 கிலோவைத் தொடும். இரண்டு பேர் ஏறினால் இன்னொரு 140. மிச்சத்தில் தண்ணீர், கருவிகள், உணவு எல்லாம் அடங்க வேண்டும். கூரையின் மேல் ஓட்டத்தில் ஏற்றக்கூடிய சுமை 30 கிலோதான் என்று கையேடே சொல்கிறது. அதில் கேரியரின் எடையும் அடக்கம். கூரைக் கூடாரங்களில் பெரும்பாலானவை 50 கிலோவுக்குக் குறையாதவை. அந்தப் பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருப்பது உங்கள் உள்ளுணர்வின் நற்செயல் என்றே சொல்வேன். சாய்வான பாதையில் பக்கவாட்டில் போகும்போது, தலைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் உங்களைப் பள்ளத்தின் பக்கம்தான் இழுக்கும்.

வின்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. சுமையேற்றிய வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுவிசை போதும் என்பது பொதுவான கணக்கு; உங்களுக்கு அது ஏறத்தாழ 2,150 கிலோ. நீங்கள் மாட்டியிருப்பது அதைப்போல் இரண்டு மடங்கு. பெயர்த்தகட்டில் எழுதியிருக்கும் இழுவிசை உருளையின் முதல் சுற்றுக்கு மட்டுமே உரியது, கயிறு சுற்றின் மேல் சுற்றாக ஏற ஏறக் குறைந்துகொண்டே வரும் என்பது உண்மைதான். ஆனாலும் ஒரு கப்பியை இடையில் மாட்டி இழுவிசையைக் கூட்டிக்கொள்ள முடியும்போது, பெரிய வின்ச்சின் எடையை முன் ஆக்சிலுக்கு வெளியே, நெம்புகோலின் நுனியில் தொங்கவிட்டு ஆண்டு முழுவதும் சுமக்க வேண்டியதில்லை. சிறியதாக மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். அது இன்னொரு மாற்றமாகிவிடும். எஃகுக் கம்பி இருந்தால் அடுத்த முறை மாற்ற நேரும்போது இலகுவான செயற்கை இழைக் கயிற்றுக்குப் போங்கள், போதும்.

நான் பின்பற்றும் முறை மிக எளியது. முகப்புப் பெட்டிக்குள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். எங்கே சிக்கினேன், எதனால் சிக்கினேன், எப்படி மீண்டேன் என்று மூன்றே வரிகளில் அன்றே எழுதிவிடுவேன். ஒரே காரணம் மூன்று முறை வந்த பிறகுதான் அதற்கான பொருளைப் பற்றி யோசிக்கவே தொடங்குவேன். ஆறு ஆண்டுகளில் அப்படி மூன்று முறை வந்தவை இரண்டு காரணங்கள் மட்டுமே. ஒன்று, டயரில் காற்றைக் குறைக்கச் சோம்பல்பட்டது. மற்றொன்று, இறங்கி நடந்து பாதையைப் பார்க்காமல் ஓட்டியது. இரண்டுக்கும் எந்தக் கடையிலும் பொருள் கிடையாது.


மெதுநடை எழுதுகிறார்:

மேலே எழுதியவர் காற்றைப் பற்றி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது ஒரு வரிக்குள் அடங்குகிற விஷயமில்லை. நான் பதினொரு ஆண்டுகளாக ஏறத்தாழ எந்த மாற்றமும் செய்யாத வண்டியை ஓட்டி வருகிறேன். புதியவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது அவர்களிடம் முதலில் கேட்பது, உங்களிடம் டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் இருக்கிறதா, காற்றழுத்தமானி இருக்கிறதா என்பதைத்தான்.

சாலையில் 26 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்து ஓட்டும் உங்கள் வண்டி போன்ற இலகுவான வண்டியில், மணலில் அதை 16-க்குக் குறைத்துப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் பரப்பு கூடும். பலரும் நினைப்பதுபோல் அது அகலவாக்கில் பெரிதாக விரிவதில்லை. நீளவாக்கில்தான் நீள்கிறது, ஒரு பாம்பு தரையோடு படிவதைப்போல. கற்பாதையில் அதே குறைந்த அழுத்தம் டயரைக் கல்லின் வடிவத்துக்கு வளைய வைக்கிறது; பிடிமானமும் கிடைக்கும், இடுப்பும் தப்பிக்கும். ஆனால் 15-க்குக் கீழே போகப் போக, வளைவில் வேகமாகத் திரும்பினால் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து கழன்றுகொள்ளும் அபாயம் ஏறிக்கொண்டே போகும். காற்றைக் குறைத்தபின் வேகத்தைக் குறையுங்கள். தார்ச்சாலைக்கு ஏறுமுன் மறுபடி அடித்துவிடுங்கள். லாக்கர்கள் வாங்க எண்ணியிருக்கும் இடத்தில் ஒரு நல்ல கம்ப்ரசர் வாங்கினால், மனிதருக்கு வண்டியின் மீதுள்ள கோபம் பாதி தணிந்துவிடும்.

லாக்கர்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும் பாதைகளுக்குப் போகிறவருக்கு அவை தேவைதான். உங்கள் வண்டியில் லோ ரேஞ்சில், அதாவது வேகம் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் அமைப்பில் போகும்போது, சும்மா சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு விசையை அனுப்பும் மின்னணு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அது வேலை செய்வதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறோம், ‘வண்டி ஏறவில்லை, லாக்கர் போட வேண்டும்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். காலை எடுக்காமல், மிதமாக, ஒரே அளவில் இரண்டு விநாடி அழுத்தி வைத்திருந்தால் ஏறியிருக்கும். என் மாணவர்களில் ஒருவர் லாக்கர் வாங்கும் முடிவோடு ஒரு காலையில் வந்து, அன்று மாலையே அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அவர் பிறகு இரண்டு ஆண்டுகள் கழித்து லாக்கர் போட்டார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்போது எந்த ஆக்சிலுக்கு, எதற்காக என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நான் சிக்கனத்துக்கு இடம்கொடுக்க மாட்டேன். சட்டகத்தோடு உறுதியாகப் பொருத்தப்பட்ட, இழுவிசைக்கென்றே வடிவமைத்த இழுப்புக் கொக்கிகள் முன்னும் பின்னும் இருக்க வேண்டும். உங்களை மேட்டிலிருந்து இழுத்த நண்பர் கயிற்றை எங்கே கட்டினார் என்று நினைவிருக்கிறதா? டிரெய்லர் மாட்டும் குண்டில் கட்டியிருந்தால், இனி ஒருபோதும் அப்படிச் செய்ய வேண்டாம். நீண்டு சுருங்கும் மீட்புக் கயிற்றில் சேரும் விசையில் அந்தக் குண்டு முறிந்தால், பீரங்கிக் குண்டாகப் பறந்துவிடும். அப்படிப் பறந்த குண்டுகளால் உயிர்கள் போயிருக்கின்றன. வண்டியின் அடியில் பாதுகாப்புத் தகடு, பக்கவாட்டில் கல் உரசினால் தாங்கும் ஸ்லைடர் சட்டம், நல்ல டயர், இழுப்புக் கொக்கி, கம்ப்ரசர், ஒரு மண்வாரி. எனக்கு இதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.


ஞாயிறுப்பயணி எழுதுகிறார்:

நான் சொல்லப்போவது சிறிய உத்திதான். முதலில் பயணத் தேதியைக் குறித்துவிடுவேன். பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன். பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களில் வண்டியில் எந்தப் புதிய பொருளும் ஏறாது. அதற்குமுன் எதையாவது மாட்டியிருந்தால், பக்கத்தில் எங்காவது நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சக்கர நட்டுகளையும் கழற்றி மாட்டிய ஒவ்வொரு போல்ட்டையும் மறுபடி முறுக்குமானி வைத்துச் சோதிப்பேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். நான்கு பொருள்களை ஒரே வாரத்தில் மாட்டிவிட்டு, வண்டி ஆடினால் எதனால் ஆடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

வயரிங்கைப் பற்றி: ஃபியூஸ் பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்கட்டும். மின்சாரம் அதிகம் குடிக்கும் விளக்குகளுக்கு ரிலே கட்டாயம். இருக்கும் வயரைக் கிள்ளிக் கடித்து இணைக்கும் நீலநிற இணைப்பிகளைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதிர்விலும் ஈரத்திலும் முதலில் கைவிடுவது அவைதான்.


துருப்பிடித்தவன் எழுதுகிறார்:

எல்லாரும் சேர்ந்து நண்பரைப் பாவமன்னிப்புக் கூண்டில் ஏற்றிவிட்டதுபோல் இருக்கிறது. கொஞ்சம் மறுத்துப் பேச அனுமதியுங்கள்.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. அதை நான் ஓட்டிய நேரத்தைவிட அதன் அடியில் படுத்துக்கிடந்த நேரம் பல மடங்கு அதிகம். அதில் எனக்குக் கடுகளவும் வருத்தமில்லை. மாலையில் வேலையிலிருந்து வந்து, கியர்பாக்ஸின் ஒரு சீலை மாற்றி, கையை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு உறங்கப்போவது எனக்கு இன்பம். வீணை செய்கிறவரிடம் போய், நீங்கள் ஏன் கச்சேரி செய்வதில்லை என்று யாராவது கேட்பார்களா? ஆகவே, ‘நான் போதுமான அளவு ஓட்டவில்லை’ என்ற குற்ற உணர்வு உங்களுடையதா, அல்லது மற்றவர்களுடைய பயணப் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்ததா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று கவனித்தேன்: அந்தப் பொருள்களை மாட்டிய மாலைகளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட மகிழ்ச்சியாக எழுதவில்லை. முதல் ஆண்டில் ஓட்டியதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் என் சாதி இல்லை, வாங்கும் சாதி. அதற்கு மருந்து வேறு.

மாற்றங்களே கூடாது, பழைய வண்டிகள் எல்லாம் எதுவும் இல்லாமல் போகவில்லையா என்று சிலர் பேசுவதும் முழு உண்மையில்லை. 1941-இல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்பி ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2.2 லிட்டர் எஞ்சின், 60 குதிரைத்திறன், ஒரு டன்னைச் சற்றே தாண்டும் எடை, ஒல்லியான 6.00-16 டயர்கள், லாக்கர் கிடையாது. அதைக்கொண்டு ஓர் உலகப் போரையே ஓட்டினார்கள். ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் பல ஜீப்புகளின் முன்பம்பரில் நெட்டுக்குத்தாக ஓர் இரும்புக் கோணச்சட்டம் நிற்பதைப் பார்க்கலாம். கண்ணாடியை மடித்துவிட்டு ஓட்டுகிறவர்களின் கழுத்தை அறுப்பதற்காகச் சாலைக்குக் குறுக்கே கம்பி கட்டிவைத்தார்கள்; அந்தக் கம்பியை அறுப்பதற்காகக் களத்திலேயே பற்றவைத்துக்கொண்ட சட்டம் அது. எவரும் அழகுக்காக வைக்கவில்லை. பல்சக்கரம் ஐயா குறிப்பேட்டில் மூன்று முறை எழுதிய பிறகு யோசிப்பதாகச் சொன்னார். கம்பி விஷயத்தில் மூன்று முறை காத்திருக்க முடியாதுதான், ஆனால் தருக்கம் அதுவேதான்.

ஸ்நார்கல் வாங்க இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அது எஞ்சினுக்குள் தண்ணீர் புகாமல் காக்கும். தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும் என்பதால் அது நல்ல காப்புதான். ஆனால் ஓடிச் சூடேறிய ஆக்சிலைக் குளிர்ந்த நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, சீல்களின் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். டிஃபரன்ஷியல் எண்ணெய் மோர்போல வெளுத்து வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆக்சில்களின் மூச்சுக்குழாய்களை மேலே நீட்டிவிட ஒரு மீட்டர் ரப்பர் குழாயும் ஒரு மாலையும் போதும். ஸ்நார்கல் இருக்கும் வண்டிகளில் இதைச் செய்யாதவை எத்தனை என்று அடுத்த சந்திப்பில் எண்ணிப் பாருங்கள். எனக்கு அதில் ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.


செம்மண்தடம் மறுபடி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். துருப்பிடித்தவர் சொன்ன ‘வாங்கும் சாதி’ இரண்டு நாள்கள் தொண்டையில் முள்ளாக நின்றது. பிறகு உண்மைதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

முதலில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோனேன். நிறைந்த பெட்ரோல் தொட்டி, கருவிப்பெட்டிகள், நான் ஒருவன்: 1,380 கிலோ. என் மனைவி ஏறி அமர்ந்தால், பகல் உணவைக்கூடக் கையில் பிடித்தபடி ஓடிவர வேண்டியதுதான். அன்றே கூரைக் கேரியரையும் விளக்குப் பட்டையையும் கழற்றினேன். கருவிப்பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது, ஒரே அளவில் மூன்று ஸ்பேனர்கள் இருந்தன. பாதியை வெளியே எடுத்துவைத்தேன். இப்போது 1,330. காற்று உரசும் ஓசை குறைந்துவிட்டதால் நெடுஞ்சாலையில் பேச முடிகிறது.

சக்கரங்களைச் சமன்படுத்தியதில் ஆட்டம் பெரும்பாலும் போய்விட்டது, கொஞ்சம் மிச்சமிருக்கிறது. காற்றழுத்தமானி ஒன்று வாங்கினேன், கம்ப்ரசரைக் கடன் வாங்கினேன். என் நண்பர் அன்று கயிற்றைக் கட்டியது, மெதுநடை அஞ்சியபடியே, டிரெய்லர் குண்டில்தான். அவரிடம் சொன்னேன், அவர் முகம் வெளுத்துவிட்டது. பின்பக்கத்துக்கு முறையான கொக்கி போட்டாயிற்று.

தேதியை முதலில் குறித்து இரண்டு முறை போய் வந்தேன். முதல்முறை ஆற்றுமணலில் 16 பிஎஸ்ஐ. முன்பு லோ ரேஞ்சில் திணறிய அதே கரையில், இரண்டாம் கியரில் ஏதோ தெரிந்தவர் வீட்டு வாசலுக்கு ஏறுவதைப்போல ஏறிப்போனது. இறங்கி நின்று தடத்தைப் பார்த்தேன். நீளமாக, ஆழமில்லாமல் பதிந்திருந்தது. இரண்டாம்முறை லாரிகள் போய்ப் போய் ஆழமாக்கிய தடங்களுள் இறங்கியபோது, நடுமேடு பின் டிஃபரன்ஷியலை உரசிப் பிடித்துக்கொண்டது. 50 மி.மீ. உயர்த்தியிருந்தும் அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதை மண்ணில் குப்புறப் படுத்துப் பார்த்தபோதுதான் முழுமையாக உணர்ந்தேன். மண்வாரியால் இருபது நிமிடம் வெட்டி வெளியே வந்தோம். வின்ச்சைத் தொடவே இல்லை. அடுத்த முறை தடத்துக்குள் இறங்காமல், ஒரு சக்கரத்தை நடுமேட்டின் மேலும் மற்றொன்றைக் கரையின் மேலும் வைத்துப் போனேன், பிரச்சினையே வரவில்லை. குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: ‘உருண்டை தட்டியது, ஒருமுறை.’ ரப்பர் இழைகள் எல்லாம் உதிர்ந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

லாக்கர்களைப் பட்டியலிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. பென்சிலால் எழுதியிருப்பதால் அவசரமில்லை. கூடாரத்தை இந்த வாரம் விற்க இருக்கிறேன். வாங்க வந்தவர் காஸ்டர் புஷ்களையும் சேர்த்துக் கேட்கிறார். ஆட்டம்தான் பெரும்பாலும் நின்றுவிட்டதே, அவற்றையும் கொடுத்துவிடலாமா?


பல்சக்கரம் எழுதுகிறார்:

கூடாரத்தைக் கொடுங்கள். புஷ்களைக் கொடுக்காதீர்கள். அவற்றைப் போட்டுச் சக்கரக் கோணங்களைச் சரிபார்த்தபின், மிச்சமிருக்கும் அந்தக் கொஞ்ச ஆட்டமும் போகிறதா என்று இங்கே வந்து எழுதுங்கள். போகவில்லை என்றால் அடுத்துச் சோதிக்க வேண்டியது பனார்ட் தண்டின் வலப்பக்க, இடப்பக்கப் புஷ்கள் இரண்டும்தான்.